ஆடி மாதத்துப் பங்கு

பங்களா வாட்சர் வேலை என்றால், பிறத்தியார் வீட்டுச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்பக்கச் சாய்ப்பில் படுக்கிற வேலை. அதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். மற்றவர்களும் படிக்கலாம், பாதகமில்லை.

எழுபதுகளில் நான் காத்தது சூரியநெல்லிக்கு மேலே ஒரு துரை விட்டுப்போன பங்களா. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் பன்னிரண்டு சேர்ந்து வாங்கியிருந்தன. குடும்பத்துக்கு ஒரு மாதம். தன் மாதம் போக மற்ற மாதத்தில் எட்டிப் பார்க்கவும் கூடாது.

கடைசியில் வந்தவர்

மாதங்களைப் பிரித்த அன்று, பன்னிரண்டு பங்காளிகளில் ஒருவரான பழனிச்சாமி ஐயாவுக்குக் கிணற்று மோட்டார் மக்கர் செய்துவிட்டது. சரிபண்ணிவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது ஆடி ஒன்றுதான் மிச்சம்.

ஆடியில் எங்கள் மலை எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மழை சாய்வாக அடிக்கும், மூடுபனி அடுப்படி வரை வரும், அட்டை செருப்புக்குள்ளேயே குடியிருக்கும். முதல் வருஷம் பங்களா வாசலிலேயே ஜீப்பை விட்டு இறங்கி, நாலு பக்கமும் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "ஏப்பா சூசை, ஊடு எங்கப்பா?"

பெரிய மச்சான் சட்டம்

அவர் மனைவி தங்கமணி அம்மாவுக்கு இளைப்பு உண்டு. ஊர் வெயிலில் ஒன்றும் தெரியாது. இங்கே வந்தால் இரண்டாம் நாளே நெஞ்சு விசில் அடிக்கும். அடுத்த வருஷம் வரவில்லை என்று ஐயா சொல்லிப் பார்த்தார்.

பங்காளிகளுக்குத் தலைவர் பெரியசாமி, தங்கமணி அம்மாவின் அண்ணன். ஒரு மாதம் ஆளில்லாமல் கிடந்தால் மெத்தையெல்லாம் பூசணம் பூத்துவிடும் என்பது அவர் கவலை. அடுப்பை நான் மூட்டி வைக்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் ஐயாவிடம் சொன்னார்: "ஆள் வெச்சு மூட்டுனா ஊடு காயாதுங்க மாப்ளே, பங்குக்காரன் குடும்பத்தோட குடியிருக்கோணும்."

இரண்டு ஊர்ப் பஞ்சாங்கம்

சரி, பங்கையே யாருக்காவது கைமாற்றிவிடலாம் என்று இறங்கினார். அங்கேதான் சிக்கல். வீட்டைத் திறந்து காட்ட அவருக்கு உரிமை உள்ள மாதம் ஆடி. ஆடியில் எந்தத் தமிழன் சொத்து பேசுவான்? உடுமலையிலிருந்து வந்த அரிசி மில்காரர் ஒவ்வொரு அறையாகப் பார்த்து, கணப்பைத் தட்டிக்கொடுத்து, ஆவணியில் வருகிறேன் என்று இறங்கிப்போனார். ஆவணியில் வீடு அடுத்த பங்காளியுடையது.

மலையாளிக்கு ஆடி கிடையாதே என்று ஐயாவுக்குத் திடீரென்று ஒரு யோசனை. மூணாறிலிருந்து ஒரு கடைக்காரரைக் கூட்டிவந்தார். நான் சுடச்சுடக் கட்டன் சாயா கொடுத்தேன். குடித்துவிட்டு அந்த மனிதர் சிரித்தார்: "கர்க்கடகமல்லே சேட்டா, சிங்ஙம் பெறக்கட்டே!" நம் ஆடிதான் அவர்களுக்குக் கர்க்கடகம், நம் ஆவணிதான் சிங்ஙம்.

அடுப்படியில்

நாலாவது ஆடியில் தங்கமணி அம்மா அடுப்படியை விட்டு நகரவே இல்லை. உட்கார்ந்தபடியேதான் மூச்சு விட முடிந்தது. ஐயா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார். எவன் வாங்காவிட்டால் என்ன, அண்ணனிடம் முறைத்துக்கொண்டாவது ஊரிலேயே இருந்துவிடக் கூடாதா என்று அம்மாவிடம் கேட்டே விட்டேன்.

அம்மா வெந்நீரை இரண்டு மடக்கு குடித்தார். "எங்கண்ணன் பேச்சு நிறுத்திப் போட்டா அது எனக்கு இதைவிட இளைக்குமுங்க சூசையண்ணா."

ஏது ஆடி?

அந்த வாரமே பெரியசாமி, தலைவர் என்ற முறையில், கூரை பார்க்க வந்தார். தங்கை மூச்சுக்குத் திணறுவதை அவர் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. குடையை மடக்கக்கூட மறந்து அடுப்படி வாசலில் நின்றார். பிறகு, பங்கை யாருக்காவது சும்மாவாவது கொடுத்துவிடலாம், ஆனால் ஆடியில் எவன் வாங்குவான் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார்.

தங்கமணி அம்மா என்னைக் கைகாட்டினார். "சூசையண்ணன் மாதா கோயிலுக்குப் போற வேதக்காரர்தானுங்களே. அவருக்கு ஏதுங்ண்ணா ஆடி? பங்குக்காரன் குடியிருக்கோணும்னீங்க. அவரையே பங்குக்காரராக்கிப் போடுங்க."

நான் வேண்டாம் என்று பின்னால் நகர்ந்தேன். பெரியசாமி என்னை அன்றைக்குத்தான் முகம் பார்த்துப் பேசினார்: "ஏனுங்க சூசை, பூசணம் பூக்காம பாத்துக்குவீங்களா?"

முன்வாசல்

கொழிஞ்சாம்பாறையில் பேசி முடித்து என் பேருக்கு எழுத்தும் ஆயிற்று. அடுத்த ஆடி முதல் நாள் கணப்பை மூட்டிவிட்டு, துரை உட்கார்ந்த பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். சாயந்திரம் என் வீட்டுக்காரி மரியம்மாள் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு நனைந்து வந்தாள். காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கிப் போட்டாள். இத்தனை வருஷமும் கொல்லைப்புறமாகவே வந்து போனவள். அன்றைக்கு முற்றத்திலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, நான் எந்த வாசல் வழியா வரணும்?"

பதினொரு மாதம் அவர்கள் வீட்டை நான் காத்தேன், என் ஒரு மாதத்துக்குத்தான் கடைசி வரை ஒரு நல்ல வாட்சர் கிடைக்கவே இல்லை.