இருபத்தோராவது வினைச்சொல்

மாலை ஐந்து மணி இருபது நிமிடத்துக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பேருந்து ஐந்து பத்துக்கு எங்கள் ஊர் ஏரிக்கரையில் நிற்கும். அங்கிருந்து வீடு பத்து நிமிட நடை. அன்றைக்கு அதில் வந்து இறங்கியவர் என் அப்பா. அவர் சட்டைப் பையில் பெரிய ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று நான்காக மடிந்து கிடந்தது.

மூன்று வாரமாக அவருக்கு விடாத இருமல். எக்ஸ்ரே எடுத்து, சளியைச் சோதித்து, முடிவை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். வந்தவர் சீட்டை மாடத்தில் வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அம்மா அடுப்படியில் இருந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்க அவளுக்குத் தொண்டை வரை வந்திருக்கும். ஆனால் கேட்க முடியாது. ஏனென்றால் அவள் அப்பாவோடு பேசி அன்றைக்கு நாற்பது நாள் ஆகியிருந்தது.

நாற்பது நாளுக்கு முன் மாகறலில் மாமா மகனுக்குக் காது குத்தினார்கள். கட்டாயம் வருகிறேன் என்று சொல்லியிருந்த அப்பா வரவில்லை. ஏரித் தண்ணீர் எங்கள் வயலுக்குத் திரும்பும் முறை அன்றைக்குத்தான் வந்தது. அவர் மண்வெட்டியோடு வரப்பில் நின்றுவிட்டார். அண்ணன் வீட்டு விசேஷத்தில் என்னை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மா தனியாக நின்றாள். “எங்க உன் வூட்டுக்காரரு?” என்று பந்தல் முழுக்க விசாரித்தது. ஊர் திரும்பிய அன்று மூடிய வாயை அவள் திறக்கவில்லை.

பேச்சு நின்றதே தவிர, செய்தி நிற்கவில்லை. எல்லாம் என் வழியாகப் போனது. அப்பாவை நாங்கள் நைனா என்போம்.

“உங்க நைனாவ சாப்பிட வரச் சொல்லு.”

நைனா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்.

“நைனா, சாப்பிட வருவியாம்.”

“பசிக்கலன்னு சொல்லு.”

“பசிக்கலயாம்மா.”

“அப்ப கொழம்ப மாட்டுக்கு ஊத்திடட்டுமான்னு கேளு.”

ஒரே மொழி பேசும் இரண்டு பேருக்கு நடுவில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அனுபவம் எனக்கு எட்டாம் வகுப்பிலேயே கிடைத்துவிட்டது. அன்று மாலையும் அப்படித்தான். “ஆசுபத்திரில இன்னா சொன்னாங்களாம், கேளு” என்றாள் அம்மா. அப்பாவுக்கும் வீம்பு. “சீட்டுல எழுதிக்கீது. படிச்சுக்கச் சொல்லு” என்று கிணற்றடிக்குக் குளிக்கப் போய்விட்டார்.

ஆக, படிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அந்த மாதம் முழுக்க இங்கிலீஷ் சார் எங்களுக்கு ஃபிரேசல் வெர்ப் நடத்திக்கொண்டிருந்தார். மொத்தம் இருபது. கிவ் அப் என்றால் கைவிடு. லுக் ஆஃப்டர் என்றால் கவனித்துக்கொள். புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு. காலையும் மாலையும் கத்திக் கத்தி ஒப்பித்ததில் எங்கள் கன்றுக்குட்டிக்கே பாதி பாடம் ஆகியிருக்கும். வினைச்சொல்தான் மாடு, அதற்குப் பின்னால் வரும் சின்னச் சொல் வால், வாலைப் பார்த்தால் மாடு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும் என்பது சாருடைய சூத்திரம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

சீட்டைப் பிரித்தேன். டாக்டரின் எழுத்து ஒன்றும் விளங்கவில்லை. கடைசி வரி மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. டி.பி. ரூல்டு அவுட். ரூல் என்றால் ஆட்சி செய்தல். வரலாற்றுப் பாடத்தில் தினம் ஒரு ராஜா செய்துகொண்டிருந்தார். அவுட் என்றால் வெளியே. பட்டியலில் ஏழாவது பிரேக் அவுட். நோய் திடீரென்று கிளம்புதல் என்று பொருள். மாடும் வாலும் கச்சிதமாகப் பொருந்தின.

“டி.பி. ஆட்சி புடிச்சு வெளிய கெளம்பிடுச்சாம்மா” என்றேன். அந்த நொடியில் எனக்கு இருந்தது பெருமைதான், வேறொன்றுமில்லை.

“இன்னாடி சொல்ற? சரியாப் பாரு.”

“சரியாத்தாம்மா கீது. ரூல்டு அவுட்டுன்னு போட்டுக்கீது.”

அவுட்டு என்பது அம்மாவுக்கும் தெரிந்த சொல். கிணற்று மோட்டாரைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் “அவுட்டு, அக்கா” என்று கையை விரித்த பிறகு அந்த மோட்டார் ஓடவே இல்லை; புதிதுதான் வாங்க வேண்டியிருந்தது.

“அவுட்டா?” என்றாள். கையில் இருந்த கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் படித்தது என்ன என்று எனக்கே உறைத்தது.

அப்பா ஈரத் துண்டோடு வாசலில் ஏறினார். அம்மா எழுந்து நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

“யோவ், இன்னாய்யா இப்படிப் பண்ணிட்ட?”

அப்பா திகைத்து நின்றார். “எத?”

“டி.பி.ன்னு எழுதிக்கீதாமே. ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்லக்கூடாதா? நான் இன்னா செத்தா பூட்டேன்?”

அப்பா சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் இல்லமே” என்றார்.

“தெகிரியம் சொல்ல வந்துட்டாரு. ஈரத்தோட நிக்காத, உக்காரு.”

அப்பா உட்கார்ந்தார்.

போன வாரம் என் மகளுக்கு நான்கு நாள் காய்ச்சல். ரத்தப் பரிசோதனை முடிவு என் கைப்பேசிக்கு வந்தது. கடைசி வரியில் அதே இரண்டு சொற்கள். அர்த்தம் தெரிந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இருந்தும் கண் அந்த ‘அவுட்’டில் போய் நின்றதும் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மகள் எழுந்து வந்து, “அம்மா, நல்ல ரிசல்ட்தாம்மா” என்று எனக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. இந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சீட்டைப் படித்த அன்று ராத்திரியே, வெளியே மூச்சு விடக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள். “தெரிஞ்சுதுன்னா ஊர்ல ஒருத்தன் தண்ணி குடுக்க மாட்டான்” என்றாள். ஆனாலும் இரண்டாம் நாள் மனசு கேட்காமல், நோயின் பெயரை விட்டுவிட்டு, சாரிடம் ரூல் அவுட் என்றால் என்ன என்று மட்டும் கேட்டேன்.

“எங்க பாத்த?”

“சும்மா, சார்.”

“அது எட்டாங்கிளாஸுக்குக் கெடையாது. மொதல்ல இருபத உருப்படியாப் படி.”

இருபதையும் என்னால் படிக்க முடியவில்லை. பதினொன்றாவது பாஸ் அவே. இறந்துபோ என்று அர்த்தம். ஒப்பிக்கும்போது பத்திலிருந்து பன்னிரண்டுக்குத் தாவினேன். சார் முட்டி போடச் சொன்னார். போட்டேன். அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

வீட்டில் அப்பாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். ஆனால் தட்டைத் தள்ளி வைத்த அம்மா, தான் மட்டும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். காலையில் முட்டை, மதியம் நாட்டுக்கோழி ரசம், ராத்திரிக்கு மிளகுப் பால். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் அப்பா அவசரமாக முட்டையை என் கையில் திணிப்பார். “நீ துன்னு. எனக்கு வாணாம்.” சாகப்போகிற மனிதர் கடைசியாகத் தருகிற முட்டை என்று நினைத்து, அழுதுகொண்டே தின்றேன்.

நடுவில் இரண்டு மூன்று தடவை அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “இந்தாமே, நெசமாவே எனக்கு…” என்று ஆரம்பிப்பார். “பேசினா இருமல் வரும், சும்மா இரு” என்று அம்மா அடக்கிவிடுவாள். அவரும் அடங்கிவிடுவார். அதன் பிறகு அம்மாதான் பேசினாள். நாற்பது நாள் பேச்சு உள்ளே தேங்கிக் கிடந்தது. நான்காம் நாள் சாயங்காலம் காதுகுத்துக் கதைக்கு வந்தாள். பிள்ளை எப்படித் திமிறினான், யார் மடியில் உட்கார வைத்தார்கள், எந்த வரிசையில் அப்பளம் தீர்ந்துபோனது, பெரியண்ணி எந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு அதை எந்தப் புடவை என்று சொல்லிக்கொண்டாள், ஒன்றையும் விடவில்லை. அப்பா முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டார். அவள் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் “அப்பறம்?” என்றார். பந்தல் பிரிக்கிற இடம் வந்ததும் அம்மா நிறுத்தினாள்.

“நான் வந்திருக்கணும்மே” என்றார் அப்பா. “தண்ணி எங்க பூடப் போவுது.”

அம்மா முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா தப்பை ஒப்புக்கொண்டு நான் கேட்டதே இல்லை. அப்படியென்றால் முடிவு நெருங்கிவிட்டது என்று தீர்மானித்தேன்.

ஆறாம் நாள் சனிக்கிழமை. எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் சைக்கிளில் வரும் நர்சம்மா வாசலில் மணியடித்து இறங்கினார். அப்பாவை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவர் அவர்தான். அவரைப் பார்த்ததும் அப்பா சட்டென்று எழுந்தார்.

“மோட்டார் போடணும்.”

“கரண்டே இல்ல. உக்காரு” என்றாள் அம்மா. பிறகு நர்சம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, “மாத்திர எத்தினி மாசம் சாப்புடணும்?” என்று கேட்டாள்.

“எந்த மாத்திர?”

அம்மா சீட்டை நீட்டினாள். நர்சம்மா ஒரு தடவை படித்தார், அம்மாவைப் பார்த்தார், இன்னொரு தடவை படித்தார். பிறகு சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்து ஓடின.

“டி.பி. இல்லேன்னுதானே எழுதிக்கீது! ரூல்டு அவுட்டுன்னா அது கெடையவே கெடையாதுன்னு அர்த்தம். வெறுஞ்சளி. இத எந்தப் பெரிய படிப்பாளி படிச்சது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஆறு நாளா எனக்கு உசுரே இல்லடி! இன்னாத்த இங்கிலீசு படிச்சிக்கினு கீற நீ?” என்று அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். நைனா சாகப் போவதில்லை என்ற சந்தோஷம் எனக்கு உடனே வரவில்லை. முதலில் வந்தது அவமானம்தான். பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அப்போது நர்சம்மா என் பக்கம் பேசி ஒன்று சொன்னார். அதைக் கேட்டதும் ஓங்கிய கை இறங்கியது. அப்பா, ஏற்கெனவே கட்டியிருந்த கன்றுக்குட்டியை அவிழ்த்து மறுபடி கட்டப் போனார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியாத முகம். அடி விழவில்லை என்பது மட்டும்தான் எனக்கு அன்றைக்குப் புரிந்தது. நர்சம்மா சொன்னது இதுதான்:

“கொழந்தைய எதுக்குத் திட்டுற? அன்னிக்கு நானும் ஆசுபத்திரிலதான் இருந்தேன். டி.பி. எல்லாம் ஒண்ணும் இல்லேன்னு உங்க வூட்டுக்காரருக்குத் தமிழ்லயே ரெண்டு வாட்டி சொன்னேன். சந்தோஷத்துல எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரே, உன்கிட்ட சொல்லல?”