இத்தாலி வேண்டாம் என்றவள்

திருப்பூரில் ஃபேஷன் டிசைன் மாணவர்களுக்கு நடந்த போட்டியில் முதல் பரிசு, இத்தாலி போய்வரப் பயண உதவித்தொகை. அதை வென்றவள் தாராபுரம் பக்கத்துப் பெண். ஒல்லியான உடம்பு, இறுகப் பின்னிய சடை. பேசும்போது எதிரில் இருப்பவரின் உடுப்பை விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு.

மேடையில் கேடயத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பயணத்தை இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுத்துவிடச் சொன்னாள். இரண்டாவதாக வந்தது நான்.

அவள் இறங்கி வந்ததும் அவளுடைய அப்பா திகைத்துப்போய்க் கேட்டார். "போறதுக்குத்தானே கண்ணு பாஸ்போர்ட் எடுத்தோம்?" அவள் கேடயத்தை அவர் கையில் கொடுத்தாள்.

பிறகு அவளைத் தனியாகப் பிடித்தேன். "ஏனுங்க வேண்டாம்னீங்க? ஊட்ல ஏதாச்சும் பிரச்சனைங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க." என் துப்பட்டா ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "ஜெயிக்கோணும்னு வந்தேனுங்க. போகோணும்னு வரலீங்க."

எனக்குப் புரியவில்லை. ஆனாலும் போய்வந்தேன். அந்த ஊர்த் தெருக்களில் வேறொருத்தியின் இடத்தில் நடப்பதுபோலவே இருந்தது. அவளுக்கென்று ஒரு ஸ்கார்ஃப் வாங்கினேன். நன்றி சொல்லிக் கொடுப்பதா, ஏன் என்று மறுபடி கேட்டுக் கொடுப்பதா தெரியாமல், இன்னும் என் அலமாரியிலேயே வைத்திருக்கிறேன்.