பெருமாளுக்குக் கற்கண்டு, பசுவுக்குச் சக்கை

ஜூஸ் குடித்தால் சர்க்கரை இறங்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். முடிவு கட்டிவிட்டால் நான் யார் பேச்சையும் கேட்கமாட்டேன் என்பது ஆத்தில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் என்றால் என் கணவருக்கு. ஸ்ரீரங்கத்து வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான்.

அன்று தில்லைநகரில் டாக்டர் அம்மா என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, என்னைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, கால் மரத்திருக்கிறதா என்று பார்க்க மெல்லிய நைலான் இழை ஒன்றைக் கையில் எடுத்தார். "கண்ண மூடிக்கங்கம்மா. பாதத்துல எங்க தொட்டாலும் தெரியுதுன்னு சொல்லுங்க." குதிகால், உள்ளங்கால், சுண்டுவிரல் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வலது கட்டைவிரலுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. "தெரியுது" என்று முந்திக்கொண்டேன்.

"இன்னும் தொடவே இல்லையேம்மா" என்று சிரித்தார். பிறகு தொட்டார், தெரிந்தது. "கால் நல்லாத்தான் இருக்கு. இப்படியே இருக்கணும்னா சர்க்கரைய அடக்குங்க. மாத்திரை எழுதறேன். தினமும் நடங்க. வாயக் கட்டுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சர்க்கரையால் என் அப்பாவுக்கு வலது கால் போனது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, "கட்டைவிரல் அரிக்கறதுடி, கொஞ்சம் சொறிஞ்சு விடு" என்றார். போர்வைக்கு அடியில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அரித்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் மெத்தை விரிப்பைச் சொறிந்தேன். "இன்னும் கொஞ்சம் மேலே" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். கடைசிவரை அந்த அரிப்பு அவரை விடவில்லை.

அதனால்தான் டாக்டரிடமிருந்து திரும்பும்போது, பஸ் காவேரிப் பாலத்தில் ஏறிய இடத்தில், எனக்குள் ஒரே வரிதான் ஓடிக்கொண்டிருந்தது. என் கால் எனக்கு வேண்டும்.

மறுநாளே ஜூஸர் வந்தது. காந்தி மார்க்கெட்டிலிருந்து பை பையாகக் காயும் பழமும் வந்தன. கேரட், பீட்ரூட், சாத்துக்குடி, மாதுளை, திராட்சை, எதையும் விடவில்லை. பழம் என்றாலே நல்லது, அதிலும் ஜூஸ் என்றால் நல்லதின் சாரம் என்பது என் கணக்கு. காலையில் பெரிய வெள்ளி டம்ளர் நிறைய எடுத்து, வெளுத்த வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டுவேன். எங்கள் ஆத்தில் கஷாயமோ பானகமோ எதுவானாலும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்க வேண்டும்.

வடிகட்டிய சக்கையை வீணாக்குவேனா? வாசலுக்கு வரும் தெருப் பசுவுக்கு வைத்துவிடுவேன். உடம்புக்கும் ஆச்சு, புண்ணியத்துக்கும் ஆச்சு.

இன்னொன்றும் உண்டு. பெருமாளுக்குக் காட்டாமல் நாங்கள் எதையும் வாயில் போடுவதில்லை. ஜூஸ் மட்டும் விதிவிலக்கா? முதல் நாள் டம்ளரைப் பெருமாள் முன்னால் வைக்கப் போனவள் நின்றுவிட்டேன். பீட்ரூட் வாசனை மண் மாதிரி அடித்தது. இதையா அவருக்குக் கொடுப்பது? எனக்குத்தான் சர்க்கரை வியாதி, அவருக்கு என்ன வந்தது? ஒரு பிடி கற்கண்டு போட்டேன். சமர்ப்பிக்குமுன் ருசி பார்த்தால் எச்சில் ஆகிவிடும். எனவே போதுமா போதாதா என்று தெரியாமல் இன்னொரு பிடியும் போட்டேன். அப்புறம் அதுவே கை அளவாகிவிட்டது.

"பேஷா இருக்கே" என்றார் என் கணவர், ஒருநாள் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு. "மருந்து இவ்வளவு தித்திப்பா இருக்குமோ?"

"பழம் தித்திக்காதா? பிரசாதத்துக்கு நொட்டை சொல்லாதீங்கோ" என்று அடக்கிவிட்டேன்.

அடுத்த பரிசோதனைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். டாக்டர் அம்மா ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன தடவைய விட ஏறியிருக்கேம்மா. என்ன சாப்பிடறீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

பெருமையாகத்தான் ஆரம்பித்தேன். பாதியிலேயே அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சக்கைய என்ன பண்றீங்க?"

"பசுவுக்கு."

"கல்கண்டு?"

"அது பெருமாளுக்கு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "பெருமாள் பார்க்கறதோட சரி டாக்டர். குடிக்கறதெல்லாம் இவதான்."

டாக்டர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "நாலு பழத்தக் கடிச்சு சாப்பிட்டா, ரெண்டாவதுலயே போதும்னு இருக்கும். ஜூஸாக்கினா நாலும் ஒரே மடக்குல உள்ள போயிடும். நாரையும் எடுத்துட்டீங்கன்னா சர்க்கரை சட்டுனு ஏறும். பழத்த அளவாக் கடிச்சே சாப்பிடுங்க. ஜூஸ் வேணும்னா காய்ல பண்ணுங்க, வடிகட்டாதீங்க. அதுவும் மாத்திரைக்குப் பதில் இல்ல, புரியுதா?"

புரிந்தது. எனக்கு என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீடு திரும்பியபோது தெருமுனையில் பசு நின்றுகொண்டிருந்தது. நன்றாகத் தேறி, தோல் பளபளவென்று மின்னியது. நான் தேடிப் போன ஆரோக்கியம் முழுக்க அதன் வயிற்றில் இருந்தது. பசு முகத்தையும் பார்க்காமல், என் கணவர் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனேன்.

ஆனால் விடுகிற ஜாதி இல்லை நான். மறுநாள் ஜூஸர் பரணுக்கு ஏறியது. மிக்ஸி இறங்கியது. வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கி, விரலில் சுற்றி வருகிற நூலை மட்டும் எடுத்துவிட்டு மோரில் போட்டேன். வெள்ளரி, ஒரு நெல்லிக்காய், கறிவேப்பிலை, துளி இஞ்சி, எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தேன். வேட்டித் துணியைக் கண்ணிலேயே காட்டவில்லை. பச்சையாக, கெட்டியாக, சிறிய டம்ளரில் அரை அளவு.

அதை எடுத்துக்கொண்டு பெருமாள் முன்னால் நின்றேன். கை தானாகக் கற்கண்டு டப்பா பக்கம் போயிற்று. இழுத்துக்கொண்டேன். வாய்விட்டே சொன்னேன். "கோயில்ல உமக்கு அக்காரவடிசல் கிடைக்கும். இந்த ஆத்தில் இனிமே இதுதான். நீர் படுத்துண்டே இருக்கிறவர். வெளியே புறப்பட்டாலும் தோளில் தூக்கிண்டு போக ஸ்ரீபாதந்தாங்கிகள் இருக்கா. என்னைத் தூக்க யார் இருக்கா? எனக்குக் கால் வேணும்."

டம்ளரை அவர் முன்னால் வைத்தேன். கூடத்திலிருந்து என் கணவர், "பெருமாள் என்ன சொன்னார்?" என்றார்.

"ஒண்ணும் சொல்லலை. சரின்னு அர்த்தம்."

முதல் வாய் குடித்ததும், இந்தச் சக்கையையா அந்தப் பசு அத்தனை சந்தோஷமாகத் தின்றது என்று தோன்றியது. மென்று விழுங்கினேன். இரண்டாம் நாளும் விழுங்கினேன். எப்போது பழகியதென்று தெரியவில்லை, ஆனால் பழகிவிட்டது. வயிறு லேசாயிற்று. பதினோரு மணிக்கு முறுக்கு டப்பாவைத் தேடுகிற கை அடங்கியது. சாயங்காலம் சித்திரை வீதிகளைச் சுற்றி நடந்தேன். மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. கொய்யாவைக் கொட்டையோடு கடித்தேன். கல்யாண வீடுகளில் "ஒரு ஸ்பூன் பாயசம்" என்று உபசரித்தவர்களிடம் அப்பாவின் காலைப் பற்றிச் சொன்னேன், கரண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்கள். பசு வாசலில் வந்து எட்டிப் பார்க்கும். அதற்கு அகத்திக்கீரை வாங்கிப் போட்டேன். அதன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

மறுபடி தில்லைநகர். ரிப்போர்ட்டில் சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டர் அம்மா நைலான் இழையை எடுத்தார், நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த முறை முந்திக்கொள்ளவில்லை. வலது கட்டைவிரலுக்காகக் காத்திருந்தேன். அவர் வேண்டுமென்றே தாமதித்தார் போல. நானும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு தொடுகை.

"தெரியுது" என்றேன்.

வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது அந்த விரலில்தான் அரிப்பெடுத்தது. கொசுவோ என்னவோ. செருப்பைக் கழற்றி, புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, நடு ரோட்டில் குனிந்து நன்றாகச் சொறிந்தேன்.

"எல்லாரும் பாக்கறா, என்னடி பண்றே?" என்றார் என் கணவர்.

"அரிக்கறதுன்னா" என்று சொல்லிக்கொண்டே, இன்னும் கொஞ்சம் மேலே சொறிந்தேன்.