கொளுக்கியைப் பார்த்துச் சொன்ன சொல்

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எதைக் கண்டாலும் பயம். அதனால் எங்கள் ஊர் உப்புவெளியில் என் பேச்சை யாரும் கணக்கெடுப்பதில்லை.

அன்றைக்கு முதலாளியின் படகை ட்ரெயிலரில் ஏற்றி, ஜீப்பில் கொளுவிக்கொண்டிருந்தோம். ஜீப்பின் இரும்பு உருண்டை சிறியது. அதன்மேல் கவிழ்கிற ட்ரெயிலர் கிண்ணமோ பெரியது. முதலாளி இடைவெளியில் சாக்குத் துண்டைத் திணித்தார்.

"முதலாளி, ஏத்தத்தில கழண்டுபோம். அளவான உருண்டை வாங்கிப் போடுவம்."

"நீ ஓட்டை வள்ளத்தில பிறந்தனியோ? எப்பவும் நடுக்கம்!" என்றபடி ஜீப்பில் ஏறினார். என் கூட்டாளி ரஹீமும் சிரித்துக்கொண்டே படகின் பின்னால் நடந்தான்.

ஏற்றத்தில் கொளுக்கி கழன்றது. படகோடு பின்னால் உருண்ட ட்ரெயிலர் ரஹீமின் இரண்டு கால்களையும் நசுக்கியது.

ஆஸ்பத்திரியில் முதலாளி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "இவன்ர கரிநாக்குத்தான். சொன்னான், நடந்திட்டுது."

ரஹீமின் உம்மா என்னைப் பார்த்தார். "ஏன் மகன் அப்பிடிச் சொன்னீங்க?"

"உருண்டை சிறிசு உம்மா," என்றேன். அவர் வாசலைக் காட்டினார். ரஹீம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

இப்போதும் ஆபத்தைக் கண்டால் சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு, அது நடந்துவிடக் கூடாதே என்று நடுங்குகிறேன். அந்த நடுக்கம் அவர்களுக்காகவா, எனக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.