விடிய நோகிற கை

சண்டிலிப்பாய்க்கு வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டாம் மாரியில் என் விரல்கள் என் சொல் கேட்காமல் போயின. விடிய எழும்பினால் விரல் மடங்காது, மடங்கியது விரியாது. இரண்டு கையிலும் விரல் மூட்டு மொளிகள் ஒரேமாதிரி வீங்கிச் சுடும். இடியப்ப உரலைப் பிடிக்க ஏலாது. பசுவின் மடியில் கை வைத்தால் பாலுக்கு முதல் எனக்குக் கண்ணீர் வரும். மத்தியானம் ஆக ஆகக் கை தானாக இளகிவிடும். இருட்டோடு புகையிலைத் தோட்டத்துக்குப் போகிற என் கணவர் சாப்பிட வரும் நேரம், நான் வெங்காயம் உரித்துக்கொண்டு நல்ல மருமகளாக இருப்பேன். அவர் பார்த்த கை அதுதான்.

அவரைப் பெற்ற மாமி பார்த்தது மற்றக் கையை, விடியற்காலைக் கையை. அவருக்கும் வாதம் இருந்தது, முழங்காலில். அவருடையது ஒழுங்கான வாதம். படுத்தெழும்பினால் கால் லேசு, நாள் முழுக்க நின்று உழைத்தால் பின்னேரம் குத்தும். என்னுடையதோ தலைகீழ். இரவு முழுக்கச் சும்மா கிடந்த கை விடிய நோகிறதாம், வேலை முடிந்தபின் சுகமாகிறதாம்! ஓலைக் கிடுகு வேலிக்கு மேலால் அடுத்த வீட்டு அக்காவிடம் அவர் சொல்வது எனக்கும் கேட்கும்.

"உது வாதமில்லைப் பிள்ளை. வேலைக்கள்ளி அவ."

நாட்டு மருந்து செய்கிற பரியாரியாரின் எண்ணெயை இரண்டு பேரும் ஒரே போத்தலிலிருந்துதான் பூசினோம். மாமியின் காலுக்குக் கேட்டது, என் கைக்குக் கேட்கவில்லை. அதுவும் என் குற்றமாகிப் போனது. "தாய் வீட்டிலை கொஞ்ச நாள் நிண்டு சுகமாகி வரட்டும்" என்று மாமி ஒருநாள் மகனிடம் சொன்னார். என் தாய் வீடு இருந்த இணுவில் ஒன்றும் கடல் கடந்த ஊர் இல்லை. ஆனால் அப்படிப் போய்த் திரும்பி வராத பெண்களை எனக்குத் தெரியும். என் கணவர் தலையைச் சொறிந்துவிட்டு, "முதல் ஆஸ்பத்திரியிலை காட்டுவம்" என்றார்.

வண்டிலில் மாமியும் ஏறிக்கொண்டார், எனக்கு ஒன்றும் இல்லை என்று டொக்குத்தர் சொல்வதைத் தன் காதால் கேட்க.

டொக்குத்தர் என் மொளிகளை மெல்ல அமத்திப் பார்த்தார். "விடிய எழும்பினால் கை விரிய எவ்வளவு நேரம் செல்லும்?"

நான் வாய் திறக்கமுன் மாமி முந்திக்கொண்டார். "மாடு கறந்து, முத்தம் கூட்டி, இடியப்பம் அவிச்சு, தோட்டத்துக்குச் சாப்பாடு அனுப்பி முடியுமட்டும் விரியாது ஐயா! பிறகு விரியும். ஒருநாளும் தப்பினதில்லை. நான் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்."

டொக்குத்தர் சிரிக்கவில்லை. "நல்லாய்க் கவனிச்சிருக்கிறியள் அம்மா. நீங்கள் சொன்னதுதான் இந்த வாத வருத்தத்தின்ரை அடையாளம். உங்கடை முழங்கால் தேஞ்சு போனது, அது உழைச்சால் நோகும். இந்தப் பிள்ளைக்கு மூட்டு உள்ளுக்கை வீங்குது, அது சும்மா கிடந்தால் இறுகும். நடிக்கிற ஆளுக்கு விடியத்தான் நோகவேணுமெண்டு தெரியாது."

போத்தல் மருந்து தந்தார். குடித்தால் காது இரையும். விடிய வெந்நீரில் கை வைக்கச் சொன்னார். முழுக்கச் சுகமாகும் என்று அவர் சொல்லவில்லை. வருத்தம் இருக்கிறது என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்த நாள் கண் விழித்தபோது, சருவச்சட்டியில் வெந்நீரோடு மாமி என் பாயருகில் குந்தியிருந்தார். விடிய அவருக்குக் கால் மடங்குமல்லவா. என் கைகளைத் தண்ணீருக்குள் வைத்து, தன் கைகளால் மூடிப் பிடித்துக்கொண்டார். பின்னேரம், இளகிய கையால் அவர் முழங்காலுக்கு நான் எண்ணெய் தேய்த்தேன். அதன்பிறகு விடியவேளை அவர், பின்னேரம் நான் என்று ஆகிவிட்டது.

கொஞ்சநாள் கழித்து ஒரு காலை, வேலிக்கு அப்பாலிருந்து அடுத்த வீட்டு அக்கா கேட்டார். "என்னணை, மருமகள் இன்னும் அடுப்படிக்கு வரேல்லையோ?"

இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த மாமி தலை நிமிராமலே சொன்னார்.

"அவவின்ரை கைக்கு இன்னும் விடியேல்லை. விடியட்டும், வருவா."