ராசம்மா கையில் குத்திய பச்சை

ராசம்மா போய்விட்டாள். காலையில் அவள் மகள் செல்வி ஹாலிஎலயிலிருந்து போன் பண்ணினாள்... "பெரியம்மா, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க."

இந்த வயதில் உனக்கு எதற்கு பேஸ்புக் என்று கேட்டவர்களுக்கு: இதற்குத்தான். ராசம்மாவைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லாமல் எனக்கு இன்றைக்குச் சோறு இறங்காது.

அறுபதுகளின் ஆரம்பம். ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மிட்வைஃப், அவள் கொழுந்து பறிப்பவள். என்னைவிடச் சின்னவள்... வாய் மட்டும் என்னைவிடப் பெரிது.

மலையில் காலில் அடிபட்டால் டிஸ்பென்சரியில் அயடின் பூசுவார்கள். சுரீர் என்று எரியும். எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை.

அதனால் முதல் தடவை அயடின் பூசி ராசம்மாவுக்குக் காலெல்லாம் தடித்து அரித்தபோது யாரும் கவலைப்படவில்லை. "மருந்து நல்லா புடிச்சிருச்சு" என்று வரிசை வீட்டு லயமே சந்தோஷப்பட்டது!

அடுத்த தடவை, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டை அவள் காலைக் கிழித்துவிட்டது. அயடின் பூசிய கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, கண் மூடி, மூச்சுவிட முடியாமல் என் மடியில் சாய்ந்தாள்.

எங்கள் டிஸ்பென்சர் யாழ்ப்பாணத்துக்காரர், டாக்டரய்யா என்போம். ஓடிவந்து அட்ரினலின் ஊசி போட்டார். மூச்சு திரும்பியது.

"இஞ்சை பார் பிள்ளை, இனிமேல் ஆரும் உனக்கு அயடின் பூச விடாதை. அடுத்த முறை தப்பமாட்டாய்" என்றார், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

அப்போது கேட்டாள் பாருங்கள் ஒரு கேள்வி... "அய்யா, நெனவு இருந்தா நானே சொல்லிருவேன். நெனவு இல்லாட்டி யாருங்க சொல்றது?"

பதிலை அவளேதான் கண்டுபிடித்தாள்.

தீபாவளி நெருங்கினால் தோட்டத்துக்குப் பச்சை குத்துகிற பெண் வருவாள். கல்யாணம் நிச்சயமானவர்கள் மாப்பிள்ளை பேரைக் கையில் குத்திக்கொள்வார்கள். அந்த வருஷம் ராசம்மாவுக்கும் நிச்சயமாகியிருந்தது.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? டாக்டரய்யாவிடம் வலது கையை நீட்டி, பேனாவால் இங்கிலீஷில் பெரிசாக எழுதச் சொன்னாள்... 'அயடின் கூடாது'. அந்த எழுத்தின் மேலேயே பச்சை குத்திக்கொண்டாள்!

ஊசியைக் கொதிக்க வைத்துக் கொடுத்தது நான். பின்னே, அயடினா தடவ முடியும்?

லயத்தில் ஒரே அமளி. பெண் கையில் பேர் இருந்தால் அது ஆம்பிளை பேர்தானே... மாமியார் ஆகப்போகிறவர் மகனையும் இழுத்துக்கொண்டு வந்து நின்றார். "என்னாடி இது? எம் மவன் பேரு வெள்ளச்சாமி. இது எவன் பேருடி, இங்கிலீசுல?"

"அத்தே, ஒங்க மவன் பேரு எனக்குத் தெரியும். எனக்கு ஆவாத மருந்து பேருதான் ஆஸ்பத்திரிக்காரங்களுக்குத் தெரியாது."

கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். வெள்ளைச்சாமி அண்ணன் அம்மாவுக்குப் பின்னால் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். தப்பித்தோம்.

செல்வி வயிற்றில் இருந்தபோது, மாதம் நிறையும் முன்னே ராசம்மாவுக்கு வலிப்பு வந்துவிட்டது. நானோ லுணுகலையில் அக்கா வீட்டுக் காதுகுத்தில்... நினைவில்லாதவளைத் தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

கூடப் போனது வெள்ளைச்சாமி அண்ணன் மட்டும். அவருக்குச் சிங்களமும் வராது, இங்கிலீஷும் வராது, அன்றைக்கு நடுக்கத்தில் தமிழும் வரவில்லை.

ஆபரேஷனுக்கு வயிற்றில் பூச அயடின் கிண்ணம் ரெடி. ஊசி போட நரம்பு தேடிய நர்ஸ் கையைத் திருப்பினார்... எழுத்தைப் படித்தார்.

டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து ஆபரேஷன் செய்தார்களாம். பிறகு ஒருநாள் அந்த நர்ஸே எனக்குச் சொன்னது இது.

நினைவே இல்லாமல் கிடந்தவள் தன் வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். தாயும் பிள்ளையும் நல்லபடியாக லயத்துக்கு வந்தார்கள்.

அதற்குப் பிறகு பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்களிடமெல்லாம் மாமியார் "எம் மருமவ கையப் பாருங்க" என்று காட்டின கூத்து இருக்கிறதே... அம்மாடி!

போன வருஷம் பார்த்தபோது தோல் சுருங்கி எழுத்தும் சுருங்கியிருந்தது. "படிக்க முடியுதாக்கா?" என்று கேட்டாள். "முடியுதுடி" என்றேன். "அப்ப சரி" என்று கையை மடக்கிக்கொண்டாள்.

அழுகையாகத்தான் வருகிறது. ஆனாலும் சொல்கிறேன், இப்படி ஒருத்தி என்னை அக்கா என்று கூப்பிட்டாளே என்று எனக்கு ரொம்பப் பெருமை.

செல்வி இப்போது மறுபடியும் பேசினாள். பெட்டியில் வைக்கும்போது யாரோ சேலையை இழுத்து அந்தக் கையை மூடப் போனார்களாம். "அம்மா கைய மூடாதீங்க, எழுத்துத் தெரியட்டும்" என்று சண்டை போட்டாளாம்.

போய் வாடி ராசம்மா... இனி உனக்குச் சந்தனம் மட்டும்தான் பூசுவார்கள்.