யேசுரத்தினம் துலக்கிய இறக்கைத் தகடு

பசறை வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் மேலே ஏறினால் யேசுரத்தினம் வேலை செய்யும் தேயிலை ஸ்டோர், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலை, வரும். கொழுந்து வாட்டும் காற்றாடியின் கூடு ஓட்டையானாலும், தட்டு நசுங்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்துமூன்று. மரச்சுத்தியலால் நாலு தட்டு தட்டினால், கசங்கிய தகரம் கண்ணாடி மாதிரி நிமிர்ந்து கிடக்கும். அதற்காக யாரும் அவரைப் பாராட்டியதில்லை. பிந்தி வந்தால் மட்டும் பெயர் சொல்லித் திட்டுவார்கள்.

அவர் குடியிருக்கும் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மேலே இருக்கும் காட்டில், இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் ஒரு குண்டுவீச்சு விமானம் விழுந்தது. அன்றைய லயத்து ஆட்கள் ஏறிப்போய், கழற்ற முடிந்ததையெல்லாம் தலைச்சுமையாக இறக்கிக்கொண்டு வந்தார்கள். இறக்கையின் அடித்தகடு ஒன்று யேசுரத்தினத்தின் அடுப்படிக் கூரையானது. எண்பது வருடப் புகை குடித்துக் கறுத்துப்போன அலுமினியத் தகடு. மழை ஒழுகாது. அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

பழைய யுத்த விமானங்களின் துண்டுகளைத் தேடிச் சேர்த்து, நாட்டின் விமானச் சரித்திரம் அழியாமல் புதுப்பித்து வைக்கும் குழு ஒன்று கொழும்பில் இருப்பதாகவும், இந்தக் காட்டு விமானத்தை அவர்கள் மறுபடி கட்டுவதாகவும் ஸ்டோரில் பேச்சு அடிபட்டது. குழுவை நடத்தியவர் ஸனூஸ் என்ற ஓய்வுபெற்ற எஞ்சினியர். யேசுரத்தினம் அவருடைய நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினார். தகட்டைப் பற்றிச் சொன்னார். பிறகு, உங்கள் பட்டறையில் தகர வேலைக்கு ஆள் எடுப்பீர்களா என்றும் கேட்டார்.

"ஒரு ஆள் வேணும்தான்," என்றார் ஸனூஸ். "சனிக்கிழமை வாறம். தகட்டை இறக்கி வைங்க. உங்களையும் பாப்பம்."

அந்த ஒரு ஆள் தானாக இருக்க வேண்டும். அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் கண்ணில் படுவதையெல்லாம் துலக்கிவிட வேண்டும். லயத்துக்கு வெள்ளையடிப்பார்கள், சாக்கடைக் கானைக் கழுவுவார்கள், பாதையோரக் கல்லுக்குக்கூடச் சுண்ணாம்பு பூசுவார்கள். அழுக்கோடு ஒரு பொருளைப் பெரியவர்கள் முன்னால் நீட்டினால் அது மரியாதைக் குறைவு. யேசுரத்தினம் அப்படியே வளர்ந்தவர்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டார். கூரைத் துவாரத்துக்கு மழை மறைக்க ஒரு படங்குத் துணியைக் கட்டிவிட்டுத் தகட்டை முற்றத்தில் போட்டார். விமானம் விழுந்தபோது மடங்கிய மடிப்புகளை மணல் மூட்டை மேல் வைத்துத் தட்டித் தட்டி நிமிர்த்தினார். சாம்பலும் புளியும் போட்டுத் தேங்காய்மட்டையால் தேய்த்தார். புகை போனதும் அடியில் மங்கலான பச்சைப் பெயின்ட் தெரிந்தது. அதையும் மண்தாளால் சுரண்டினார்.

"இங்க என்னமோ கறுப்பா எழுதியிருக்கே. விட்டுருங்களேன்," என்றாள் மனைவி ஜெசிந்தினி.

"அது அழுக்குடி. எம்பது வருசத்து அழுக்கு லேசுல போவுமா?"

அந்த இடத்தில் இன்னும் அழுத்தித் தேய்த்தார். பொழுது சாயும்போது தகடு மாதா கோயில் வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டு போல மின்னியது. பக்கத்துக் காம்பிரா வீட்டுக் கிழவர் வீரய்யா வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, இதுல மொகம் பாத்துச் சவரம் பண்ணலாம் போலயே."

"நாளைக்கு வர்றவங்க பாக்கட்டும்," என்றார் யேசுரத்தினம். சிரிப்பை அடக்க அவரால் முடியவில்லை.

சனிக்கிழமை குழுவோடு வந்த ஸனூஸ் தகட்டைக் கண்டதும் நின்றுவிட்டார். குனிந்து தடவினார். புரட்டிப் போட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இதில ஒரு நம்பர் இருந்திருக்குமே. பச்சைப் பெயின்ட் மேல, கறுப்பில?"

"சுத்தம் பண்ணிட்டேங்க," என்றார் யேசுரத்தினம்.

"அந்த நம்பர்தான் இது எந்த விமானம் எண்டு சொல்லும். அந்த மடிப்புதான் எப்பிடி விழுந்த எண்டு சொல்லும். ரெண்டும் இல்லாட்டி இது வெறும் தகரம்."

"வேலையப் பாருங்கய்யா. ஒரு சுத்தியல் தழும்பு இருக்கான்னு பாருங்க."

"இல்ல. அருமையான வேல. அதுதான் பயமா இருக்கு. உங்கட கையில ஒரு பழைய சாமானைத் தந்தா, பின்னேரம் புதுசாத்தான் திருப்பித் தருவீங்க."

ஸனூஸ் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். நோயாளியிடம் பேசுவதுபோலத் தணிந்துதான் சொன்னார். சுற்றி நின்ற லயமே கேட்டது. யாரோ "பிளேன் பாஸ்!" என்று, மேஸ்திரியைக் கூப்பிடுவதுபோலக் கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் வீரய்யா தலையைச் சொறிந்துகொண்டு, "இதே மாதிரி ஒண்ணு எங்க கோழிக்கூட்டு மேலயும் கெடக்குங்க," என்றார்.

அந்தத் தகட்டின் மேல் விரல் கனத்துக்குக் கோழிப்பீ. உள்பக்கத்தை டோர்ச் அடித்துப் பார்த்த ஸனூஸ், "அல்லாஹ்வே!" என்றார். ஒட்டடைக்கு நடுவே பச்சைப் பெயின்ட், அதன் மேல் ஒரு எழுத்தும் அழியாத நம்பர்.

ஆணிகள் துருவேறி இறுகியிருந்தன. வலிந்து இழுத்தால் தகடு கிழியும். அங்கே அதைச் செய்யத் தெரிந்தவர் ஒருவர்தான்.

"கழட்டித் தருவீங்களா?" என்றார் ஸனூஸ். "ஆனா தொடைக்காதீங்க. ஊதக்கூட வேணாம்."

யேசுரத்தினம் மறுக்கவில்லை. இதைப் பார்த்தாவது மனம் மாறமாட்டாரா என்ற ஆசை. கூட்டுக்குள் முதுகை வளைத்து நுழைந்து, பதினேழு ஆணிகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்தார். கழிவு தலைமயிரிலும் கழுத்திலும் விழுந்தது. தகட்டில் ஒரு கீறல் விழவில்லை. குழுவினர் அதைப் பஞ்சு மெத்தையில் கிடத்தி, பிறந்த பிள்ளையைத் தூக்குவதுபோல வேனுக்குக் கொண்டுபோனார்கள்.

"எல்லாரும் வாங்க, ஒரு போட்டோ எடுப்பம்," என்று ஸனூஸ் கூப்பிட்டார்.

யேசுரத்தினம் தன் கைகளைப் பார்த்தார். இந்தக் கோலத்தில் எப்படி அந்த மனிதர்களோடு நிற்பது? தண்ணீர்ப் பீலிக்கு ஓடினார். சவர்க்காரம் போட்டு முழங்கை வரை தேய்த்தார், நகக்கண்ணைச் சுரண்டினார், தலையை நனைத்துச் சீவினார். சட்டையை மாற்றிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது வேன் கீழ் வளைவில் இறங்கிக்கொண்டிருந்தது.

வீரய்யா வாசலில் நின்று, கொழும்புக்காரர்கள் கொடுத்த விலாசத் தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

"போட்டோ எடுத்தாச்சா?"

"ஆமா. என்னய நடுவுல நிக்கவச்சாங்க."

"என்னக் கேட்டாங்களா?"

வீரய்யா நிமிர்ந்து பார்த்தார். அவர் குரலில் இப்போது கேலி இல்லை.

"இல்லியே. ஒன்ன எதுக்குக் கேக்கணும்?"